ஃபியூச்சராமா முதல் முழுநீளப் படம்: திரும்பப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மூன்றாம்மாடி

போன வாரம் வீடு மாறினோம். பழைய பெட்டி ஒன்றைப் பிரித்தபோது அடியில் 'பெண்டர்ஸ் பிக் ஸ்கோர்' டிவிடி கிடந்தது. 2008-ல் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் வாங்கியது. தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதை ஓட்டும் கருவிதான் எங்கள் வீட்டில் இப்போது கிடையாது. தம்பி வீட்டில் இரவல் வாங்கி வந்து, பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே பாயைப் போட்டு உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன்.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஃபியூச்சராமா ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர். பீட்ஸா கடையில் வேலை பார்த்த ஃப்ரை என்ற இளைஞன் உறைந்துபோய், ஆயிரம் வருடம் கழித்து விழிக்கிறான். அங்கே பெண்டர் என்ற ரோபோவும் லீலா என்ற விண்கலத் தலைவியும் அவனுக்கு நண்பர்கள். தொடர் 1999 மார்ச்சில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. 72 பகுதிகள் ஓடி 2003 ஆகஸ்டில் நின்றது. முடிந்தே போனது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் இரவு நேர மறுஒளிபரப்பும் டிவிடி விற்பனையும் சேர்ந்து அதை உயிர்ப்பித்தன. நேராக டிவிடியில் வெளியிட நான்கு முழுநீளப் படங்கள் எடுத்தார்கள். அதில் முதலாவது இது. 2007 நவம்பர் 27-ல் வந்தது. கென் கீலர் எழுத்து, டுவெய்ன் கேரி-ஹில் இயக்கம். அடுத்த ஆண்டு, வீட்டில் பார்ப்பதற்கான படங்களில் சிறந்தது என்று, அனிமேஷனுக்கான ஆனி விருதும் வாங்கியது.

இனி கதையை முழுவதுமாகப் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்தொன்பது வயதில் பார்த்தபோது எனக்கு இது பெண்டரின் படம். அந்த ரோபோ, காலத்தில் பின்னால் போய்ப் பொக்கிஷங்களைத் திருடிக்கொண்டு வருகிறது, நாங்கள் சிரித்தோம், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் இது லார்ஸின் படமாக இருக்கிறது. லீலா காதலிக்கும் அந்த அமைதியான, பொறுமையான மனிதன் வேறு யாருமில்லை, ஃப்ரைதான். இறந்த காலத்தில் மாட்டிக்கொண்டு 12 வருடம் தனியாக வாழ்ந்து, அடிபட்டு, பொறுப்பு வந்த ஃப்ரை. தொடர் முழுக்க அவள் மறுத்துக்கொண்டே இருந்தாளே, அதே ஆளைத்தான் அவள் மணக்கவிருந்தாள்.

இவ்வளவு பெரிய விஷயத்தை அன்றைக்கு எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?

உட்லண்ட்ஸ்வாசி

தொடரின் மேல் எனக்கும் பாசம் உண்டு அண்ணே. ஆனால் இதைப் படம் என்று சொல்ல மனம் வரவில்லை. நான் எடிட்டிங் வேலையில் இருப்பவன், அதனால் கண்ணுக்கு முதலில் தெரிவது தையல்தான். நான்கு பகுதிகளாக வெட்டிக் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சியில் போட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துதான் இதை எழுதினார்கள். 2008 மார்ச்சில் அப்படித்தான் ஒளிபரப்பானது. ஏறக்குறைய ஒவ்வொரு 22 நிமிடத்துக்கும் கதை ஒரு உச்சிக்குப் போய்த் திடீரென்று நின்று, மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. தனித்தனியாகப் பார்த்தால் அது நன்றாகவே வேலை செய்யும். சேர்த்துப் பார்க்கும்போது மேடு பள்ளமான சாலையில் பஸ்ஸில் போவது மாதிரி இருக்கிறது.

இரண்டாவது குறை, ஆள் கூட்டம். நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு வருகிறார்கள், ரசிகர்களை மகிழ்விக்க வேண்டும், புரிகிறது. அதற்காகத் தொடரில் வந்த அத்தனை பேரும் வந்து ஒரு வசனம் பேசிவிட்டுப் போக வேண்டுமா? கல்யாண வீட்டில் மொய் எழுதக் காத்திருக்கும் வரிசைபோல ஆகிவிட்டது. ரோபோ சாண்டாவும் (கொலைவெறி பிடித்த கிறிஸ்துமஸ் தாத்தா ரோபோ) அவனுடைய கூட்டாளிகளும் வரும் இடத்தில் கதை அப்படியே நின்றுவிடுகிறது.

தொடக்கக் காட்சியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தங்களை நிறுத்திய தொலைக்காட்சி அதிகாரிகளையே கதைக்குள் கொண்டுவந்து, அவர்கள் வேலை போய், அரைத்துப் பொடியாக்கப்பட்டார்கள் என்று சொல்லும் இடத்தில் அந்தக் குழுவின் நான்கு வருட ஆத்திரம் தெரிந்தது.

கணக்கு டீச்சர்

தையல் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விதத்தைப் பார்த்தீர்களா தம்பி? காலப் பயணக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நடுவில் விதியை மறந்துவிடுவார்கள். கீலர் மறக்கவில்லை. அவர் ஹார்வர்டில் பயன்முறைக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

விதி எளிமையானது. ஃப்ரையின் பின்புறத்தில் பச்சை குத்தியிருக்கும் பெண்டர் படத்துக்குள் பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு குறியீடு இருக்கிறது. அதைப் படித்தால் காலத்தில் பின்னால் போகலாம். முன்னால் வர முடியாது. போனவன் திரும்ப வேண்டுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். பெண்டர் ஒவ்வொரு முறை திருடிய பிறகும் அவர்கள் வேலை செய்யும் பிளானட் எக்ஸ்பிரஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் கட்டடத்துக்கு அடியில் சுண்ணாம்புக் குகையில் நூற்றாண்டுக் கணக்கில் காத்துக் கிடப்பது இதனால்தான். சரி, ஒரே ஆள் இரண்டு பேராக ஆகிவிட்டால் முரண்பாடு வராதா? அதற்கு இரண்டாவது விதி. அப்படி உண்டாகிற பிரதி சீக்கிரமே அழிந்துவிடும், பிரபஞ்சம் தன் கணக்கைத் தானே நேர்செய்துகொள்ளும்.

இந்த இரண்டாவது விதி முதலில் நகைச்சுவையாகத்தான் வருகிறது. பிரதி ஒன்று வருகிறது, உடனே ஏதோ விபத்தில் சாகிறது, நாமும் சிரிக்கிறோம். கல்யாண மண்டபத்தில் சரவிளக்கு அறுந்து, நிறுவன அலுவலர் ஹெர்மிஸின் பிரதி உடம்பின் மேல் விழும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அடுத்த நொடி லார்ஸின் முகத்தைக் காட்டுகிறார்கள். நிறுவனத்தை நடத்தும் விஞ்ஞானிப் பேராசிரியர் விதியைச் சொல்லி முடிக்கும்போது அவன் நிற்கிற நிலையைப் பாருங்கள். தானும் ஒரு பிரதி என்று மண்டபத்தில் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்தை நிறுத்திவிட்டு வெளியே போகிறான். லீலாவுக்குக் காரணம் புரியவில்லை, முதல் முறை பார்க்கும் நமக்கும் புரியவில்லை.

சிரிக்க வைத்த அதே விதியை வைத்தே அழ வைக்கிறார்கள். வகுப்பில் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன், நல்ல நிரூபணத்தில் ஒரு வரிகூட வீணாகாது என்று. இந்தக் கதையில் எனக்கு அந்த உணர்வு வந்தது. 2010-ல் இதே கீலர், உடம்பு மாறிப்போன கதை ஒன்றுக்காகத் தனியாக ஒரு கணிதத் தேற்றத்தையே நிரூபித்தார். எத்தனை பேர் உடம்பு மாறியிருந்தாலும் புதிதாக இரண்டு பேர் இருந்தால் போதும், எல்லோரையும் அவரவர் உடம்புக்குத் திருப்பிவிடலாம் என்பது அது. அந்தப் பகுதியில் கரும்பலகையில் எழுதியே காட்டுவார்கள்.

உட்லண்ட்ஸ்வாசி

டீச்சர், அந்தச் சரவிளக்குக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. லார்ஸின் முகத்தை எதிர்பார்த்ததைவிட நீளமாகவே வைத்திருக்கிறார்கள். நான் வெட்டியிருந்தால் அதைக் குறைத்திருப்பேன், அது தப்பாகப் போயிருக்கும்.

ஆள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றமில்லை.

பொங்கோல் அக்கா

எல்லோரும் காதலையும் கணக்கையும் பேசுகிறீர்கள். எனக்கு இந்தப் படத்தில் மோசடிக்காரர்கள்தான் முக்கியம். ஏனென்று சொல்கிறேன்.

கதையில் மூன்று வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள். படை, ஆயுதம் எதுவும் இல்லை. ஒரு மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லி மின்னஞ்சல் முகவரி வாங்குகிறார்கள், அவ்வளவுதான். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தூண்டில். பரிசு விழுந்தது என்று ஒருவருக்கு, வேறு ஆசை காட்டி இன்னொருவருக்கு. பெண்டர் எதையோ அழுத்தி வைரஸ் வாங்கிக்கொண்டு அவர்கள் சொன்னதையெல்லாம் செய்யும் அடிமையாகிறது. பேராசிரியர் நிறுவனத்தையே இழக்கிறார். கடைசியில் பூமியே கைமாறி, மனிதர்கள் நெப்டியூனுக்கு மூட்டை கட்டுகிறார்கள்.

2007-ல் இது மிகை. அன்றைக்கு மோசடி என்றால் யாரோ ஒரு இளவரசன் எழுதுகிற மின்னஞ்சல். பார்த்ததும் அழித்துவிடுவோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அம்மா பார்சல் ஒன்றுக்காகக் காத்திருந்தார். கைப்பேசிக்குச் செய்தி வந்தது. முகவரி சரியில்லை, 1 வெள்ளி 20 காசு கட்டினால் திரும்ப அனுப்புவோம் என்று. அவர் எதிர்பார்த்திருந்த அதே வாரத்தில் வந்ததால் சந்தேகமே வரவில்லை. சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினாராம். கடைசியில் வந்த ரகசிய எண்ணையும் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் அவருடைய சேமிப்பில் பாதி போய்விட்டது. அடுத்த நாள் மாலைவரை யாரிடமும் சொல்லவில்லை. சமைத்து வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பணம் போனதைவிட, "நான் முட்டாளாகிட்டேன்" என்று அவர் சொன்னதுதான் எங்களை உலுக்கியது.

2024-ல் சிங்கப்பூரில் இப்படிப் போன பணம் 1.1 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. படித்தவர்கள், இளையவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இந்தப் படத்தில் ஏமாறுகிறவர்களில் பேராசிரியரும் ஒருவர், பிரபஞ்சத்தையே அளக்கத் தெரிந்தவர். எழுதியவர்கள் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஏமாறுவதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை, நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று எதிராளிக்குத் தெரிந்தால் போதும்.

(சந்தேகமான செய்தி வந்தால் 1799-க்கு அழைத்துக் கேளுங்கள். அம்மா இப்போது அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறார்.)

மூன்றாம்மாடி

அக்கா, அம்மாவிடம் நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த நிலையில் யாராக இருந்தாலும் அழுத்தியிருப்போம். எங்கள் பிளாக்கிலேயே இரண்டு பேருக்கு இப்படி ஆனது எனக்குத் தெரியும்.

ஈசூன் ராத்திரி

நாய் விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லையே. எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கும் கோபமே அதுதான்.

2002 நவம்பரில் 'ஜுராசிக் பார்க்' என்று ஒரு பகுதி வந்தது. பார்க் என்றால் பூங்கா இல்லை, குரைப்பது. ஃப்ரை தன் பழைய நாய் சீமோரின் புதைபடிவத்தைக் கண்டெடுக்கிறான். அதை உயிர்ப்பிக்க எல்லாம் தயாராகிறது. தான் காணாமல் போன பிறகு அது 12 வருடம் நன்றாக வாழ்ந்திருக்கும், தன்னை மறந்திருக்கும் என்று நினைத்து, கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். அப்புறம்தான் நமக்குக் காட்டுகிறார்கள். அந்தப் பீட்ஸா கடை வாசலில் வெயில், மழை, பனி, இலையுதிர்காலம், எல்லாவற்றிலும் அது உட்கார்ந்தே இருக்கிறது. கடைசியில் படுத்துக் கண்ணை மூடுகிறது. வசனம் கிடையாது. கார்ட்டூன் வரலாற்றிலேயே அவ்வளவு துணிச்சலான முடிவை நான் பார்த்ததில்லை.

இந்தப் படத்தில் என்ன செய்தார்கள்? அந்த 12 வருடமும் லார்ஸ் ஆகப்போகிற ஃப்ரை அதே கடைக்கு மேலே குடியிருந்தான், சீமோர் அவனோடுதான் இருந்தது என்று மாற்றிவிட்டார்கள். ஐந்து வருடமாக நான் சுமந்துகொண்டிருந்த வலியை, "பரவாயில்லை, அப்படியெல்லாம் நடக்கவில்லை" என்று தட்டிக்கொடுத்துவிட்டார்கள். கலைஞன் கொடுத்த வலியைத் திரும்ப வாங்கக்கூடாது. அந்தக் காத்திருப்புக்கு அர்த்தமே அது வீணானது என்பதில்தான் இருந்தது.

தெக்கோங் படகு

ஈசூன் அண்ணே, நீங்கள் சொல்வது முழுக்கப் புரிகிறது. ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன நாய் இருந்தது, பெயர் மணி. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அனுமதித்த சின்ன இனம்தான். எனக்குப் பத்து வயதில் வந்தது. நான் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போனபோது அதற்கு ஒன்பது வயது. தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி. முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விடவில்லை. நான் கிளம்பிய அன்றிலிருந்து அது தினமும் மாலை ஆறு மணிக்கு வாசல் கம்பிக் கதவுக்கு இந்தப்புறம் வந்து படுத்துக்கொள்ளுமாம். ஆறு மணி, நான் பள்ளி விட்டு வரும் நேரம். லிஃப்ட் நின்று கதவு திறக்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கும். வேறு யாராவது என்றால் மறுபடி தலையைக் கால்மேல் வைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு அம்மா விளக்கை அணைக்கும்வரை அங்கேயே கிடக்குமாம். கம்பியில் அதன் மூக்கு பட்டுப் பட்டு ஒரு இடத்தில் மட்டும் சாயம் மங்கியிருந்தது. அந்த வீட்டை விற்கும்வரை அது அப்படியே இருந்தது.

ஒரு முறை பயிற்சிக்காகத் தொடர்ந்து மூன்று வாரம் வர முடியவில்லை. அந்த மூன்றாவது வாரத்தில்தான் அது செத்துப்போனது. படகில் திரும்பி வரும்போது அப்பா போனில் சொன்னார்.

சீமோர் முடிவை நான் அதற்கு முன்னாலேயே பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை பார்க்கவில்லை. இந்தப் படத்தை மட்டும் பார்த்தேன். ஒரே காட்சி, சில நொடிதான் இருக்கும். மாடி அறையில் ஃப்ரையின் பக்கத்தில் சீமோர். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். படம் பழைய முடிவை அழிக்கவில்லை. ஃப்ரை கடலுக்குப் போகிறான், நாள்கணக்கில் திரும்பி வருவதில்லை. அப்போதெல்லாம் அது வாசலில் காத்திருக்கத்தான் செய்திருக்கும். காத்திருந்தது உண்மை. ஆனால் சில நாள் அவன் வந்தான் என்று மட்டும் படம் சேர்க்கிறது. எனக்கு அது போதும்.

ஈசூன் ராத்திரி

தம்பி, இதற்கு நான் என்ன பதில் எழுதுவது. கம்பியில் மங்கிய சாயம் என்றதைப் படித்ததும் மேலே எழுதியதையெல்லாம் அழித்துவிடலாமா என்று தோன்றியது. அழிக்கவில்லை, ஏனென்றால் எழுத்தாளனாக அந்த முடிவு அப்படியே நின்றிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சில நொடி யாருக்காக என்று இப்போது தெரிகிறது.

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். நான் 2023-ல் தொடர் மறுபடி வந்தபோதுதான் பார்க்கத் தொடங்கினேன். வயது 20. பின்னால் போய்ப் பழையதையெல்லாம் பார்த்துக்கொண்டு வருகிறேன். இந்தப் படத்தைப் போன மாதம் பார்த்தேன். நிறைய இடம் புரியவில்லை. அல் கோர் யார் (அமெரிக்க முன்னாள் துணை அதிபராம்), ஏன் டாக்ஸி ஓட்டுகிறார் என்று தேடித்தான் தெரிந்துகொண்டேன். அவரே குரல் கொடுத்தார், அவர் மகள் கிறிஸ்டின் இந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர் என்பதும் அப்படித் தெரிந்ததுதான்.

என் கேள்வி: லார்ஸும் ஃப்ரையும் ஒரே ஆள் என்றால் குரல் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? வேறு நடிகரா?

கணக்கு டீச்சர்

ஒரே நடிகர்தான் தம்பி, பில்லி வெஸ்ட். ஃப்ரை, பேராசிரியர், டாக்டர் சாய்ட்பெர்க் எல்லாம் அவர்தான். பெண்டர் சுட்ட வெடிப்பில் ஃப்ரையின் முடி கருகி, தொண்டையும் கெட்டுப்போகிறது. எழுந்து கண்ணாடியில் பார்க்கும்போதுதான் தான்தான் லார்ஸ் என்று அவனுக்கே புரிகிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது லார்ஸ் பேசும் வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஃப்ரையின் இழுவை அடியில் ஓடுவது கேட்கும்.

மூன்றாம்மாடி

டீச்சர் சொன்ன பிறகு நானும் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். நன்றாகவே கேட்கிறது.

நம் ஊரில் விதியை மதியால் வெல்லலாம் என்பார்கள். லார்ஸ் வெல்லவில்லை. அவனுக்குத் தன் முடிவு தெரியும், தப்பிக்க வழியும் தேடவில்லை. மீதியிருக்கும் நாளில் லீலாவைத் தன் சாவுக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறான். கடைசியில் மோசடிக்காரத் தலைவனைப் பிடித்துக்கொண்டு வெடிக்கப்போகிற பிரதி பெண்டரோடு சேர்ந்து போய்விடுகிறான். எப்படியும் போகிற உயிர்தான். ஆனாலும் எந்த நேரத்தில், யாருக்காக என்பதை அவனே முடிவு செய்தான். உட்லண்ட்ஸ் தம்பி ஆயிரம் தையல் காட்டினாலும் இந்த ஒன்றுக்காக நான் இதைப் படம் என்றுதான் சொல்வேன்.

உட்லண்ட்ஸ்வாசி

சரி அண்ணே, படம்தான். நான்கு படங்களில் முதல் இடமும் இதற்கே கொடுக்கிறேன். அடுத்த மூன்றும் 2008, 2009-ல் வந்தவை. அவற்றில் ஒன்றுகூட இந்த அளவுக்கு என்னைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. வானம் கிழிந்து இந்தப் படம் முடிகிறது, அந்தக் கிழிசலில் இருந்து அடுத்தது தொடங்குகிறது. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது, நடுவில் எங்கேயோ போய்விட்டது.

பொங்கோல் அக்கா

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கார்ட்டூன் எனக்கு எதுக்குடி என்றார். மோசடிக்காரர்கள் வரும் இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பேராசிரியர் ஏமாந்ததும், "பாரு, இவ்ளோ பெரிய ஆளு" என்று என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அந்த விஷயத்தை அவராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஆங்கிலம் வேகமாக ஓடியதால் பாதி நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். படம் முடிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்தக் கொம்பு வச்ச பெரிய மீனு அப்புறம் என்னாச்சு?" என்றார். லார்ஸ் வளர்த்த ஒற்றைக்கொம்புத் திமிங்கலத்தைக் கேட்கிறார். கடலில் விட்ட பிறகும் மறக்க முடியாமல் வடதுருவம்வரை தேடிப் போகிறானே, அது.

அதற்கு ஜோடி கிடைத்துவிட்டது அம்மா, அதைப் பார்த்துவிட்டு வலையைப் போடாமல் திரும்பிவிட்டான் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.